திரும்பப் பெற்ற கேள்வி

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பிருந்தாவுக்கு மூச்சு சீராக வந்தது. முதல் விவாதம் முடிந்துவிட்டது. பயந்தபடி நாக்கு குழறவில்லை. சொல்ல நினைத்தது எதுவும் மறந்துபோகவில்லை. கடைசியாக அவள் கேட்ட கேள்விக்கு அரங்கின் பின்வரிசையிலிருந்து கைதட்டல்கூட எழுந்தது.

"பரவால்லயே, பத்து நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பேசுனதுக்குப் பலன் கிடைச்சிருச்சு" என்றான் கணவன் ராஜீவ், வண்டியைப் பின்னால் எடுத்தபடி.

பின்இருக்கையில் மகள் சம்யுக்தா கைப்பேசியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அப்படி இருக்கிறவள் இல்லை.

"என்னடி, அம்மா பேசுனது புடிக்கலையா?"

"நல்லாதான் பேசுன. பட் சாதிக் அங்கிள் ஏன் ஆன்சரே பண்ணல?"

"பதில் இல்ல. அதான் பண்ணல" என்றாள் பிருந்தா. அந்த நேரத்தில் அதை அவள் முழுதாக நம்பினாள்.

வளைகுடா நாட்டு ஊரான மங்காஃபில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு மன்றம் இருந்தது. பொங்கல் விழா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, யாருக்காவது ஆபத்து என்றால் ஓடி நிற்பது என்று அதன் வேலைகள். ஆண்டுக்கொரு முறை தேர்தல். இரண்டு அணிகள் மோதும். பிருந்தா இருந்தது நேசக்கரம் அணியில். அந்த அணியின் தலைவர் பத்மநாபன் பணி ஓய்வு பெற்றுச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அணித் தலைவராக வருபவர்தான் தேர்தலில் மன்றத் தலைவர் பதவிக்கு நிற்பார். அவர் இடத்துக்கு அணியில் இரண்டு பேர் நிற்க விரும்பினார்கள். ஒருவர் மூன்று ஆண்டுகளாக மன்றச் செயலாளராக இருக்கும் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர், ஃபஹாஹீலில் துணிக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் பிருந்தா.

மதுரையிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக அவள் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து பெண்கள் என்றால் கோலப்போட்டிக்கும் பரிமாறுவதற்கும்தான் கூப்பிடுவார்கள் என்பதைப் பார்த்துவந்தாள். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு அரபி பேசக் கற்றுத்தர வேண்டும் என்று நான்கு பொதுக்குழுவில் எழுந்து சொன்னாள். நான்கு முறையும் "நல்ல யோசனை" என்று குறித்துக்கொண்டதோடு சரி. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில் தவறொன்றும் இல்லை.

பத்மநாபன் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை மாலைகளில் இருவரும் அணி உறுப்பினர்கள் முன்னால் விவாதிக்க வேண்டும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நிமிடம், மறுமொழிக்கு ஒரு நிமிடம். கடைசியில் ஒருவர் மற்றவரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேட்கலாம். "சண்டை போட வேண்டாம்னு சொல்லல. ஆனா முடிஞ்சதும் ஒரே மேஜையில சாப்பிடணும்" என்று மட்டும் சொன்னார்.

பிருந்தாவுக்காக வேலை பார்த்தவர் சதீஷ்குமார். கோயம்புத்தூர்க்காரர், எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளை விற்கும் நிறுவனத்தில் விற்பனை மேலாளர். அமெரிக்காவில் ஒரே கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் விவாதங்களை யூடியூபில் தேடித்தேடிப் பார்க்கிறவர்.

"அதுக்குப் பேரு பிரைமரிங்க மேடம். எதிர்க்கட்சிக்காரன்கிட்ட பேசற மாதிரி அங்க பேச முடியாது. நாளைக்கு அதே ஆளுக்குத்தான் ஓட்டுக் கேக்கணும். அதனால முதல்ல அவரைப் புகழோணும். நம்ம அண்ணன், தங்கமான மனுசன், இப்படி. சொல்லிட்டுச் சிரிச்ச முகத்தோட குத்தோணும். குத்து நம்மாளுங்க மனசுல தைக்கோணும். ஆனா எதிரணிக்காரன் அதை எடுத்து வச்சுப் பேசற அளவுக்கு ஆழமாப் போகக் கூடாதுங்க."

"அவர் என்னைக் குத்துனா?"

"கோவப்படாதீங்க. ஒரு வரியில தள்ளிட்டு, நீங்க செய்யப்போறதைப் பேசுங்க. அவரைப் பாத்துப் பேசாதீங்க, சனத்தைப் பாத்துப் பேசுங்க."

நேரடிக் கேள்வியையும் அவர்தான் எழுதித் தந்தார். அது செல்லக்கண்ணுவைப் பற்றியது.

செல்லக்கண்ணு அரியலூர்ப் பக்கத்துக்காரர், ஒரு கட்டுமான நிறுவனத்தில் கம்பி கட்டுபவர், அதன் தொழிலாளர் குடியிருப்பான கேம்பில் தங்கியிருப்பவர். போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மாலை அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தது. பாஸ்போர்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தது. வெள்ளியும் சனியும் அலுவலகம் விடுமுறை. நிறுவனத்தின் மேலதிகாரி யாரையாவது அரபியில் பேசி எழுப்பினால்தான் அது கைக்கு வரும். மன்றத்தில் இதற்கென்றே ஓர் உதவி எண் இருந்தது. அந்தப் போன் எப்போதும் சாதிக்கின் சட்டைப்பையில் இருக்கும். செல்லக்கண்ணு இரண்டு நாளில் பத்தொன்பது முறை கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்து, மாலை விமானம் பிடித்து, திங்கட்கிழமை மதியம் ஊர் போய்ச் சேர்ந்தார். அதுவரை அம்மாவைப் பிரீசர் பெட்டியில் வைத்துக்கொண்டு தம்பியும் ஊரும் காத்திருந்தார்கள்.

முதல் விவாதத்தில் சாதிக் வழக்கம்போலக் கதைகளாகவே பேசினார். விமான நிலையத்தில் பெட்டி தொலைத்தவர், ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் அழுதவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுபடுத்தினார். ஒரு சின்ன ஊசியும் இறக்கினார். "தங்கச்சி பிருந்தா நல்லாப் படிச்சவங்க. ஆனா கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு மன்றத்த நடத்த முடியாது. கேம்ப் வாசல்ல போய் நிக்கணும்."

அரங்கு சிரித்தது. பிருந்தா சிரித்துக்கொண்டே ஒரு வரியில் அதைத் தள்ளினாள். பிறகு தன் கேள்வியைக் கேட்டாள்.

"சாதிக் அண்ணன் ஓடி ஓடி உதவி பண்றவர். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதனாலதான் கேக்குறேன். போன ஜூலையில செல்லக்கண்ணு பத்தொன்பது தடவ கூப்பிட்டப்ப நம்ம மன்றத்தோட போன் எங்க இருந்துச்சு அண்ணே?"

சாதிக் மைக்கைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். அவருடைய பார்வை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி ஜுலைஹா பீவியிடம் போய்விட்டுத் திரும்பியது. "அது என் தப்புதான். நான் எடுத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டார். பாக்கி நேரம் முழுக்க பத்மநாபனின் கடிகாரம் சும்மா ஓடியது. அப்போதுதான் அந்தக் கைதட்டல் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிருந்தா ஆய்வகத்திலிருந்து வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. வாசலில் ஜுலைஹா நின்றிருந்தார். கையில் மூடி போட்ட பாத்திரம்.

பிருந்தாவுக்கு முகம் சூடாகியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ராஜீவுக்குக் கால் முறிந்து கிடந்தபோது பதினைந்து நாள் மதியச் சாப்பாடு இந்த அம்மாவின் கையிலிருந்துதான் வந்தது.

"உள்ள வாங்கக்கா."

"சம்யுக்தாவுக்கு வட்டிலப்பம் கொண்டு வந்தேன். அது கேட்டுச்சுன்னு மர்ஜானா சொன்னா." மர்ஜானா அவருடைய மகள், சம்யுக்தாவின் வகுப்புத்தோழி.

ஜுலைஹா உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நேத்து நீ கேட்டியே, அதுக்கு அவருக்குப் பதில் தெரியும். நான்தான் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கேன். அந்த வியாழக்கிழமைதான் எனக்கு ஆபரேசன். மார்ல ஒரு கட்டி. எடுத்துட்டு அன்னைக்கே அனுப்பிருவோம்னாங்க. ஆனா ரத்தம் நிக்கல. ரெண்டு நாள் ஐசியூல வச்சிருந்தாங்க. போனு கார்ல கெடந்திருக்கு. அவருக்குத் தன் பேரே ஞாபகம் இல்ல அப்ப."

பிருந்தா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எடுத்த கட்டியில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்ப ஆறு மாசம் கழிச்சுப் பாத்ததுல பக்கத்துல இன்னொண்ணு தெரியுதாம். புதன்கிழமை ஊசி போட்டு எடுத்துப் பாக்கப் போறாங்க."

"அக்கா, இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என் கூடப்பொறந்த லாத்தா இதே நோவுலதான் மூணு வருசம் முன்னாடி மவுத்தாயிட்டாங்க. அதுக்குப் பெறகு உம்மா பாதி ஆளாயிட்டாங்க. இங்க ஒருத்தருக்குச் சொன்னா ஒரு மணி நேரத்துல கீழக்கரைக்குப் போயிரும். ரிசல்ட் தெரியாம உம்மா காதுல விழுந்தா தாங்க மாட்டாங்க. மர்ஜானாவுக்குக்கூட நேத்து ராத்திரிதான் சொன்னேன். வாப்பா ஏன் பேசாம நின்னாருன்னு அழுதுட்டா."

பிருந்தாவின் கண்கள் நிறைந்தன. "நான் தெரியாமக் கேட்டுட்டேன்க்கா."

"நீ கேட்டது தப்பில்ல. அந்தத் தம்பி கூப்பிட்டது நெசம், இவர் எடுக்காதது நெசம். ஆனா உனக்குத் தெரியாமலே இருந்துட்டா, பின்னாடி ஒரு நாள் தெரியவந்தா நீ ரொம்ப சங்கடப்படுவே. உன்னை எனக்குத் தெரியும். அதான் வந்தேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?"

"சரிக்கா."

ஜுலைஹா கிளம்பிப் போன பிறகு பிருந்தா வெகுநேரம் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். அரங்கின் கைதட்டல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. முந்தின நாள் இனித்த அதே சத்தம் இப்போது உடம்பைக் கூசவைத்தது. ராஜீவ் வந்து என்னவென்று கேட்டான். "ஒரு தப்பு பண்ணிட்டேன். என்னன்னு உன்கிட்டகூடச் சொல்ல முடியாது" என்றாள். "அப்ப சொல்லாத. ஆனா சரி பண்ண முடியுமா?" என்றான்.

அதுதான் சிக்கல். ஒருவரைச் சபையில் வைத்துக் கேட்டாகிவிட்டது. அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டால் சபையில் விழுந்தது விழுந்ததாகவே இருக்கும். சபையில் திரும்ப எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன் அவளுடையது இல்லை, ஜுலைஹாவுடையது.

செவ்வாய்க்கிழமை சதீஷ்குமார் உற்சாகமாகப் போன் செய்தார். "மேடம், நம்ம கையில கணக்கு இருக்குதுங்க. எழுபத்தஞ்சுல இருந்து எண்பது ஓட்டு நமக்கு உறுதி. அடுத்த சனிக்கிழமை செல்லக்கண்ணுவையே கூட்டிட்டு வர்றேன். ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"சதீஷ், அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்கப் போறேன்."

"புரியலைங்க."

"தப்பான கேள்வின்னு மேடையிலயே சொல்லப் போறேன்."

"மேடம், ஜெயிச்சுட்டிருக்கறவங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. திரும்ப வாங்கினா பயந்துட்டீங்கன்னுதான் நினைப்பாங்க. சரி, காரணம் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி நான் எழுதித் தர்றேன்."

"காரணம் சொல்ல முடியாது."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்கும்தான். செல்லக்கண்ணுவைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

"அவர் ஏற்கனவே லீவு சொல்லிட்டாருங்க" என்றார் சதீஷ்குமார். குரலில் வருத்தம் தெரிந்தது. பத்து நாள் தன் வேலை முடிந்ததும் அவளுக்காக உட்கார்ந்து எழுதியவர் அவர். பிருந்தா அதையும் நினைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை மாலை, உணவகத்தின் மேல்மாடியில் இருந்த அரங்குக்குப் போகும் படிக்கட்டின் அருகில் செல்லக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. பிருந்தா அவரை அன்றுதான் நேரில் பார்த்தாள்.

அது அவளை உலுக்கியது. போன வாரம் இவருடைய துக்கத்தை மேடையில் பேசியிருக்கிறாள். ஒரு முறைகூட இவரிடம் பேசியதில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று அவரை ஓரமாக அழைத்தாள். "உங்க அம்மா இறந்ததை உங்களைக் கேக்காம நான் மேடையில பேசிட்டேன். அது தப்பு. இன்னைக்கு நீங்க எதுவும் பேச வேண்டியதில்ல. பேசணும்னு தோணுனா பேசலாம். ஆனா எனக்காக வேண்டாம்."

செல்லக்கண்ணு கொஞ்சம் திகைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் அம்மா மொகத்தப் பாத்துட்டேன் மேடம். கொள்ளியும் நான்தான் வச்சேன். அதுல எனக்குக் கொறையில்ல. சாதிக் பாய் மேலயும் கோவமில்ல. நான் திரும்பி வந்தன்னைக்கே கேம்புக்கு வந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல, சும்மா நின்னுட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் ஏன் இன்னைக்கு வந்தீங்க?"

"இன்னொருத்தனுக்கு இப்படி ஆவக் கூடாதுன்னுதான். ஒரு போனு, ஒரு ஆளு. அந்த ஆளுக்குக் காய்ச்சல்னா என்னா பண்றது? அதத்தான் கேக்கலாம்னு வந்தன்."

பிருந்தாவுக்கு ஒரு வாரமாகப் பிடிபடாத முடிச்சு அவிழ்ந்தமாதிரி இருந்தது. போன் எங்கே இருந்தது என்று கேட்டதற்குப் பதிலாக, ஏன் ஒரே ஒரு சட்டைப்பையில் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

"இதையே நான் மேல சொல்லலாமா? உங்க பேரச் சொல்லி?"

"தாராளமாச் சொல்லுங்க."

அரங்கு நிறைந்திருந்தது. பத்மநாபன் நடுவில் உட்கார்ந்து கடிகாரத்தைச் சரிபார்த்தார். தொடக்க உரைக்கு முதலில் பிருந்தாவை அழைத்தார். ஜுலைஹா அதே முதல் வரிசையில் இருந்தார். சதீஷ்குமார் சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சதீஷ் சொல்லித்தந்ததை மீறி, அரங்கைப் பார்க்காமல் அவள் சாதிக்கின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, போன வாரம் நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அது தப்பான கேள்வி. இவ்வளவு பேர் முன்னாடிதான் கேட்டேன், அதனால இவ்வளவு பேர் முன்னாடியே திரும்ப வாங்கிக்கிறேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. பின்னால் யாரோ, "அப்ப அந்தப் பையன் போன் பண்ணது பொய்யா?" என்று கேட்டார்.

"பொய்யில்ல. அவர் கூப்பிட்டார், யாரும் எடுக்கல. அது அப்படியேதான் இருக்கு."

பத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தப்பான கேள்வின்னு சபைக்குச் சொல்லலாமாம்மா?"

"காரணம் எனக்குத் தெரியும் சார். அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க மேல எனக்கு வருத்தமில்ல."

சொல்லி முடித்ததும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். யாரும் கைதட்டவில்லை. சுவரோரத்தில் சதீஷ்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது.

சாதிக்கின் முறை வந்தது. அவர் ஜுலைஹாவைப் பார்த்தார். ஜுலைஹா முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று சாதிக்குக்கு அந்தக் கணத்தில் புரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார்.

"இதுல தங்கச்சியைப் பத்தி அஞ்சு கேள்வி எழுதி வச்சிருந்தேன். ஒரு வாரமா உக்காந்து எழுதுனது. கொஞ்சம் காரமாவே இருக்கும்." தாளை மறுபடி மடித்து உள்ளே வைத்தார். "இனிமே இது தேவையில்ல."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி கேள்வியத் திரும்ப வாங்கிட்டாங்க. ஆனா நான் ஒண்ணச் சொல்லணும். மூணு வருசமா அந்தப் போன நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல. ஊருக்குப் போனாக்கூட ரோமிங் போட்டு எடுத்துட்டுப் போவேன். பொறுப்புன்னு நெனச்சேன். யோசிச்சுப் பாத்தா பொறுப்பு பாதி, பெருமை பாதி. சாதிக்குக்குப் போன் பண்ணா வேலை நடக்கும்னு நாலு பேரு சொல்லணும்ல. அந்தப் பெருமையாலதான் செல்லக்கண்ணுக்கு ரெண்டு நாள் போச்சு."

பத்மநாபன் நேரம் முடிந்ததைச் சொல்ல மறந்துபோனார்.

பிருந்தா மறுமொழிக்கான தன் ஒரு நிமிடத்தைக் கேட்டாள். படிக்கட்டில் செல்லக்கண்ணு சொன்னதை அவர் பெயர் சொல்லியே எடுத்துச் சொன்னாள். "ஒரு போன், ஒரு ஆள்னு இருக்கக் கூடாதுங்கிறார். மூணு பேர் முறைவச்சு எடுத்துக்கலாம். அதுல ஒருத்தர் பெண்ணா இருந்தா, வீட்டு வேலைக்கு வந்திருக்கிற பெண்களும் தயங்காமக் கூப்பிடுவாங்க."

"மூணு பத்தாது, அஞ்சு பேர் வேணும். வெள்ளி, சனிதான் போன் அதிகமா வரும்" என்றார் சாதிக்.

"ராத்திரி டூட்டியில இருக்கிறவங்கள சேத்துக்கிட்டா?"

"முழிச்சிருப்பாங்க, ஆனா டூட்டில போன உள்ள விட மாட்டாங்களே."

விவாதம் அதற்குப் பிறகு விவாதமாக இல்லை. இருவரும் மேஜையின் இரண்டு முனையிலிருந்து மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரங்கிலிருந்து ஆளுக்காள் எழுந்து பெயர் கொடுத்தார்கள். அரபிப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண், தான் பேசினால் எந்த அலுவலகமும் கேட்கும் என்றார். கருத்து வேறுபாடும் இல்லாமல் இல்லை. அரபி வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது சாதிக், வேலைக்காரப் பெண்களை வீட்டை விட்டு யார் வெளியே விடுவார்கள், நடக்காத காரியம் என்றார். போனிலேயே குரல்பதிவாகப் பாடம் அனுப்பலாம் என்று பிருந்தா விடாமல் வாதாடினாள். அந்த வாதத்தில் இரண்டு பேருக்குமே குரல் உயர்ந்தது. ஆனால் அதில் யாருக்கும் காயம் இல்லை. முடிந்ததும் கீழே போய் ஒரே மேஜையில் பரோட்டா சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. சாதிக் பாட்ஷாவுக்கு எழுபத்தாறு, பிருந்தாவுக்கு அறுபத்தைந்து.

ஜெயிக்க வேண்டும் என்று அவள் நிஜமாகவே ஆசைப்பட்டிருந்தாள். சதீஷ்குமார் அருகில் வந்து நின்றார்.

"கேள்வியத் திரும்ப வாங்காம இருந்திருந்தா இது அப்படியே மாறியிருக்குமுங்க மேடம்."

"இருக்கலாம்" என்றாள் பிருந்தா. "ஆனா சதீஷ், போன ஒரு வாரமா நான் நல்லாத் தூங்குறேன். அடுத்த வருஷமும் நிப்பேன். எழுதித் தர்றதுக்கு நீங்க இருக்கணும்."

சதீஷ்குமார் சற்று யோசித்தார். "இருப்பேனுங்க. ஆனா காரணத்தை முன்னாடியே சொல்லிரோணும்" என்றார். அவர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

சாதிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவளிடம் ஏதோ நீளமாகச் சொல்ல நினைத்தவர்போலத் தோன்றியது. கடைசியில், "தங்கச்சி, செயலாளருக்கு நீங்க நிக்கணும். அரபி வகுப்பு நடக்காதுன்னு நான் இப்பவும் சொல்றேன். நடத்திக் காட்டுங்க" என்றார்.

"காட்டுறேண்ணே."

திங்கட்கிழமை காலை ஜுலைஹாவிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு ரிசல்ட்டு வாங்கப் போகணும். நீ வர்றியா?"

"அண்ணன் வரலையாக்கா?"

"அவரு வந்தா அவரு மொகத்தப் பாத்தே எனக்குப் பாதி உசுரு போயிரும். கடையில இருங்கன்னு சொல்லிட்டேன். எனக்குப் பேசாம வண்டி ஓட்டுற ஆளு வேணும்."

பிருந்தா அரைநாள் விடுப்பு எடுத்தாள். மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் ஜுலைஹா மர்ஜானாவின் இயற்பியல் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். காத்திருக்கும் அறையில் பேச்சு நின்றுபோனது. அவருடைய விரல்கள் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. பிருந்தா எதுவும் சொல்லாமல் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். ஜுலைஹா அதை எடுக்கவில்லை.

மருத்துவர் ஓர் எகிப்தியப் பெண்மணி. கணினித் திரையைப் பார்த்தார், ஒரு தாளைப் புரட்டினார், பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"மாஃபி முஷ்கிலா, உம்ம் மர்ஜானா. கலாஸ்." ஒரு பிரச்சினையும் இல்லை, மர்ஜானாவின் அம்மா, எல்லாம் முடிந்தது என்று அரபியில் சொன்னார்.

ஜுலைஹா அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு" என்றார் பிருந்தாவிடம்.

மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். வெறும் நீர்க்கட்டி. புற்றுநோய் இல்லை. மருந்துகூடத் தேவையில்லை, ஆண்டுக்கொரு முறை வந்து காட்டினால் போதும்.

"நீ தமிழ்ல சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. வெறும் தண்ணிக்கட்டி. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுனாப் போதுமாம்."

"நெசமாவா?"

"நெசமாக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜுலைஹா மெல்லச் சொன்னார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. மருத்துவர் எழுந்து வந்து டிஷ்யூ பெட்டியை நீட்டினார். பிருந்தாவும் அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஜுலைஹா கணவருக்குப் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் போலிருக்கிறது. "ஒண்ணுமில்லையாம்" என்றார் ஜுலைஹா. பிறகு நெடுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார். "அழுவாதீங்க, கடையில ஆளுக இருப்பாங்க" என்றார் கடைசியில்.

ஜனவரி மாத வெயில் இதமாக இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஜுலைஹா நின்று சுற்றிலும் பார்த்தார். எதையோ முதன்முதலாகப் பார்ப்பவர்போல.

"உம்மாவுக்கு இப்பச் சொல்லலாம்ல? எல்லாத்தையும் சேத்துச் சொல்லிருவேன். திட்டுவாங்க. திட்டட்டும்."

"சொல்லுங்கக்கா."

"அதுக்கு முன்னாடி எங்கயாவது சாப்பிடணும். நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணும் எறங்கல. உனக்கு லீவு எதுவரைக்கும்?"

"ரெண்டு மணி வரைக்கும்."

"அப்ப நெறைய நேரம் கெடக்கு" என்று ஜுலைஹா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.